வன்னியில் சங்க மாநாடு நடத்தப் புறப்படுவோருக்கு

எங்களுடையது விவசாயத் துறையில் பணியாற்றும் உத்தியோகத்தர்களும் பட்டதாரிகளும் சேர்ந்து நடத்தும் ஒரு சிறிய சங்கம். கிளிநொச்சியில் எங்கள் முதலாவது ஆய்வு மாநாட்டை நடத்தியபோது நான் செயலாளராக இருந்தேன். மாநாடு நல்லபடியாகவே நடந்தது. ஆனால் கடைசிக் கடனைக் கொடுத்து முடிக்க அதன் பிறகு ஐந்து மாதங்கள் சென்றன. அதிலும் ஒரு பகுதியைச் செயற்குழு உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்திலிருந்தே போட்டார்கள். இரண்டாவது மாநாட்டில் அந்த நிலை வரவில்லை. இரண்டுக்கும் இடையில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வேலை நடக்கும் ஒழுங்கிலேயே எழுதுகிறேன். ஆசிரியர், தாதியர், நூலகர், கணக்காளர் என்று எந்தத் துறையின் சங்கமாக இருந்தாலும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஒருநாள் மாநாட்டுக்கு ஒன்பது மாதங்கள் முன்னதாகத் தொடங்குவீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

1. திகதி குறிப்பதற்கு முன் சங்கத்தின் கோவையைத் திறந்து பாருங்கள்

வங்கியும் அனுசரணையாளரும் மண்டபம் தருபவரும் முதலில் கேட்பது நீங்கள் யார் என்பதற்கான கடதாசியைத்தான். சில சங்கங்கள் 1891ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழும், சில 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழும் பதிவாகியிருக்கும். சில 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக இருக்கும். பல சங்கங்களிடம் பிரதேச செயலகத்தில் பெற்ற பதிவு மட்டுமே இருக்கும். எதுவாக இருந்தாலும் அது நடப்பு ஆண்டுக்குச் செல்லுபடியாகிறதா என்று பாருங்கள். பதிவுச் சான்றிதழ், யாப்பு, கடைசிப் பொதுக்கூட்டத்தின் கூட்டறிக்கை, இப்போதைய நிர்வாக சபையின் பட்டியல், கணக்காய்வு செய்யப்பட்ட இரண்டு வருடக் கணக்கு, வங்கியின் உறுதிப்படுத்தல் கடிதம் ஆகிய ஆறையும் ஒரே கோவையில் போட்டுப் பத்துப் பிரதிகள் எடுத்து வையுங்கள்.

ஏழாவது ஆவணம் மாநாட்டை நடத்துவதற்கான செயற்குழுத் தீர்மானம். 'மாநாடு நடத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது' என்ற ஒரு வரி போதாது. எவ்வளவு வரை செலவிடலாம், எந்தக் கணக்கிலிருந்து, யார் யாருடைய கையொப்பத்துடன், நட்டம் வந்தால் சங்கத்தின் எந்த நிதியிலிருந்து அது ஈடுசெய்யப்படும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். முதல் மாநாட்டில் எங்களிடம் அந்த நான்காவது வரி இருக்கவில்லை. ஆகவேதான் நட்டம் எங்கள் வீடுகளுக்கு வந்தது.

இந்த இடத்தில் இரண்டு பொறிகள் உண்டு. வன்னியில் பணியாற்றும் அரச உத்தியோகத்தருக்கு இடமாற்றம் எப்போதும் வரலாம். எங்கள் பொருளாளருக்கு மாநாட்டுக்கு ஏழு வாரங்கள் இருக்கையில் இடமாற்றம் வந்தது. காசோலையில் கையொப்பமிடுபவரை மாற்றுவதற்குக் கூட்டறிக்கை, அடையாள அட்டைப் பிரதிகள், புதிய மாதிரிக் கையொப்பங்கள் என்று அலைந்து முடிக்க மூன்று வாரங்கள் பிடித்தன, அந்த மூன்று வாரமும் கணக்கில் இருந்த பணத்தைத் தொட முடியவில்லை. மூவரைப் பதிந்து, அவர்களில் எவரேனும் இருவர் கையொப்பமிடலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

மற்றது சங்கத்தின் பெயர். பதிவுச் சான்றிதழில் ஒரு விதமாகவும், வங்கிக் கணக்கில் ஆங்கிலத்தில் வேறு விதமாகவும், கடிதத்தலைப்பில் சுருக்கமாகவும் பெயர் இருந்தால், அனுசரணையாளர் கடிதத்தலைப்பைப் பார்த்துச் சுருக்கப் பெயருக்குக் காசோலை எழுதுவார், வங்கி அதை ஏற்காது. எங்களுக்கு அப்படி ஒரு காசோலை திரும்பியது. புதிய காசோலை கையில் கிடைத்தபோது மாநாடு முடிந்து ஒரு மாதம். நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், வங்கிக் கணக்கில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே அச்சிடுங்கள்.

2. வரவுசெலவை முதலில் எழுதுங்கள், கட்டணத்தைப் பிறகு தீர்மானியுங்கள்

இலாப நோக்கற்ற சங்கம் என்றால், மிஞ்சும் பணத்தை உறுப்பினர்கள் தங்களுக்குள் பங்கிட முடியாது என்பதே பொருள். நட்டத்தில் நடத்த வேண்டும் என்றோ, மிச்சமே வரக்கூடாது என்றோ எங்கும் சொல்லப்படவில்லை. உலகெங்கும் துறைசார் சங்கங்கள் மாநாட்டில் மிஞ்சுவதை வைத்தே ஆண்டு முழுவதும் பயிற்சி, சஞ்சிகை, புலமைப்பரிசில் என்று நடத்துகின்றன. இதை உங்கள் செயற்குழுவுக்கு முதல் கூட்டத்திலேயே விளங்கப்படுத்துங்கள். கட்டணம் என்ற சொல்லைக் கேட்டதும் 'நாங்கள் வியாபாரமா செய்கிறோம்' என்று ஒருவராவது கேட்பார். அவர் நல்ல மனதோடுதான் கேட்கிறார், ஆனால் அந்தக் கேள்விக்குக் கணக்கால் பதில் சொல்ல வேண்டும்.

செலவை இரண்டு நிரலாகப் பிரியுங்கள். எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவு ஒன்று: மண்டபம், ஒலியமைப்பு, திரையில் படம் காட்டும் எறிகருவி (புரொஜெக்டர்), உரை நிகழ்த்த வரும் வளவாளர்களின் பயணமும் தங்குமிடமும், அச்சு, பதாகை. தலைக்குத் தலை கூடும் செலவு மற்றது: இரண்டு தேநீர், மதிய உணவு, கோவை, சான்றிதழ். கணக்கு முறையைக் காட்டுவதற்காக மட்டும் ஓர் உதாரணம் தருகிறேன். மாறாத செலவு 2,00,000 ரூபா, தலைக்கான செலவு 1,800 ரூபா, பதிவுக் கட்டணம் 2,500 ரூபா என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடமிருந்து மிஞ்சுவது 700 ரூபா. மாறாத செலவைக் கட்டணத்தால் மட்டும் மூடுவதற்கு 286 பேர் வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு துறைக்கு 120 பேர் வந்தாலே பெரிய கூட்டம். அந்த 120 பேரில் 30 பேர் 1,000 ரூபா மட்டும் கட்டும் மாணவர்கள் என்றால், அவர்கள் ஒவ்வொருவருக்கும் சங்கம் 800 ரூபா கைக்காசு போடுகிறது. முழுக் கட்டணம் கட்டும் 90 பேரால் 63,000 ரூபா மிஞ்சும், மாணவர்களுக்காக 24,000 ரூபா போகும், கையில் நிற்பது 39,000 ரூபா. ஆக 1,61,000 ரூபா வேறு வழியால் வர வேண்டும். இந்த ஒரு எண்ணைத்தான் முதல் மாநாட்டில் நாங்கள் கணக்கிடவே இல்லை. மாணவர் கட்டணத்தைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பல்கலைக்கழகப் பீடங்களிலும் வவுனியாவிலும் படிக்கும் பிள்ளைகள் வராத மாநாட்டால் எங்களுக்கு என்ன பயன்? அந்த 24,000 ரூபாவை மட்டும் தனியாகக் காட்டி 'மாணவர் பங்கேற்புக்கான அனுசரணை' என்று கேளுங்கள். பொது அனுசரணையைத் தயக்கத்தோடு பார்ப்பவர்கள்கூட இதற்கு மனமுவந்து கொடுக்கிறார்கள்.

உறுப்பினர் அல்லாதோரின் கட்டணத்துக்கும் உறுப்பினரின் கட்டணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஓர் ஆண்டுச் சந்தாவுக்குச் சமமாக வையுங்கள். நிலுவையில் கிடந்த சந்தாக்கள் தாமாகவே வந்து சேரும். மாநாட்டுக்கு ஒரு மாதம் முன்பு குறைந்த கட்டணத்துக்கான காலத்தை முடித்து, அந்த எல்லையை எவருக்காகவும் நீடிக்காதீர்கள். உணவுக்கும் அச்சுக்கும் முற்பணம் கொடுக்க வேண்டிய நேரத்தில் கையில் இருக்கப்போவது அந்தப் பணம் மட்டுமே.

மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவு என்று ஒதுக்குங்கள். விடுதியோ உணவு வழங்குபவரோ தரும் விலையில் வரி சேர்ந்துள்ளதா என்பதை எழுத்தில் கேளுங்கள். பெறுமதிசேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். சில இடங்களில் 10 வீதச் சேவைக் கட்டணமும் உண்டு. 1,500 ரூபா என்று தொலைபேசியில் சொல்லப்பட்ட சாப்பாடு பட்டியலில் 1,900 ரூபாவைத் தாண்டி நிற்கும். இலாப நோக்கற்ற சங்கம் என்பதற்காக அந்த வரி குறையாது.

3. திகதி

இதில் அவசரப்படாதீர்கள். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரை மழை; இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கும் நாட்களில் மாவட்டத்தில் எந்தத் திணைக்களமும் உங்களுக்காக ஓர் உத்தியோகத்தரை விடுவிக்காது, விடுவிக்கவும் கூடாது. மழை விட்டதும் காலபோக நெல் அறுவடை. ஏப்ரலில் புத்தாண்டும் சிறுபோக விதைப்பும். மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் நினைவு வாரம் வருகிறது; மே 18ஐ ஒட்டியும் மாவீரர் நாளான நவம்பர் 27ஐ ஒட்டியும் இங்கு எவரும் விளக்கேற்றி மாலை போடும் விழா எதையும் வைக்கலாகாது என்பதே என் கருத்து. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்ட் 15 மடுத் திருவிழா, அதே காலத்தில் நல்லூர்க் கொடியேற்றம். பௌர்ணமி விடுமுறைகளையும் உயர்தர, சாதாரண தரப் பரீட்சைகளையும் பாருங்கள், ஏனெனில் பாடசாலை மண்டபங்கள் பரீட்சை நிலையங்களாகிவிடும். இவை எல்லாவற்றையும் கழித்தால் எங்கள் துறைக்கு ஜூன் நடுப்பகுதியிலிருந்து ஜூலை முடிவு வரைதான் எஞ்சுகிறது. உங்கள் துறைக்கு வேறு மாதம் பொருந்தக்கூடும்.

கிழமையில் சனி நல்லது. வெள்ளியில் ஜும்ஆத் தொழுகை உண்டு, சைவர்கள் பலர் மரக்கறி உண்பர். ஞாயிறில் மன்னாரிலும் முல்லைத்தீவிலும் இருந்து வரும் கிறிஸ்தவ உறுப்பினர்களுக்குத் திருப்பலி.

4. மண்டபம், உணவு, தங்குமிடம்

மண்டபத்தை எட்டு மாதங்களுக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகப் பீடங்களின் மண்டபங்கள், பிரதேச செயலகக் கேட்போர் கூடங்கள், கூட்டுறவுச் சங்க மண்டபங்கள், தனியார் திருமண மண்டபங்கள் என நான்கு வகை உண்டு. அரச மண்டபம் மலிவு, ஆனால் அமைச்சர் ஒருவரின் கூட்டம் வந்தால் உங்கள் ஒதுக்கீடு நகர்த்தப்படலாம். எங்களுக்கு அது நான்கு நாட்கள் முன்னதாக நடந்தது. ஆகவே அரச மண்டபம் கிடைத்தாலும் மாற்று மண்டபம் ஒன்றின் உரிமையாளரோடு பேசி, மீளப்பெறக்கூடிய சிறு முற்பணம் கொடுத்து வைத்திருங்கள். திருமண மண்டபத்தை எடுப்பதானால் நாட்காட்டியில் முகூர்த்த நாட்களைப் பார்த்துவிட்டுப் பேசப் போங்கள். மின்பிறப்பாக்கி உண்டா, அதன் எரிபொருள் யார் பொறுப்பு, கதிரைகளும் துப்புரவும் வாடகைக்குள் அடங்குமா, முதல்நாள் மாலை பதாகை கட்ட விடுவார்களா என்ற கேள்விகளுக்கான பதில்களை ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். அதற்கான கடிதத்தை இரண்டு வாரம் முன்பே கொடுங்கள்.

உணவுக்கு மூன்று இடங்களில் விலை கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உறுதியான எண்ணிக்கையை எப்போது சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு எத்தனை சாப்பாடு கூட்டிக் குறைக்கலாம் என்பது விலையைவிட முக்கியம். வெளிநாடுகளில் பெரிய சங்கங்கள் விடுதிகளோடு செய்யும் ஒப்பந்தங்களில், ஒதுக்கிய அறைகளில் குறிப்பிட்ட பங்கு நிரம்பாவிட்டால் மிச்சத்துக்கும் சங்கமே பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். கொழும்பு விடுதிகளிலும் இதைப் பார்க்கலாம். இங்கே அது சாப்பாட்டில் வருகிறது: 150 என்று சொல்லி 105 பேர் வந்தால் 150க்கும் கட்ட வேண்டும். பதிவுக் கட்டணம் கட்டியவர்களின் எண்ணிக்கைக்கு மேல் பத்து மட்டும் கூட்டிச் சொல்லுங்கள். 'கட்டாயம் வருவேன்' என்று தொலைபேசியில் சொன்னவர்களைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

தங்குமிடம் ஓரளவே உண்டு. தூரத்து வளவாளர்களுக்கு மட்டும் சங்கம் அறை எடுக்கட்டும், மற்றவர்களுக்கு விடுதிகளின் விபரத்தை அனுப்பினால் போதும். கொழும்பிலிருந்து யாழ்தேவி ரயிலில் வருபவர் முதல்நாளே வர வேண்டும் என்பதால் ஓர் இரவு அறைச் செலவு நிச்சயம் உண்டு. மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் திரும்ப வேண்டியவர்களுக்காக நிகழ்வை நான்கு மணிக்கு முடியுங்கள். எல்லா மாவட்டத்தாரும் சமமாக வருவதானால் மாங்குளம் வசதி, ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் அங்கே சந்திக்கின்றன.

5. அனுசரணை

பணம் வங்கிக் கணக்கில் விழும் வரை அனுசரணை என்று எதையும் எழுதாதீர்கள். முதல் மாநாட்டில் ஒரு நிறுவனத்தின் பிரதிநிதி தொலைபேசியில் சொன்ன தொகையை நம்பி அதன் சின்னத்தைப் பதாகையில் போட்டோம். சின்னம் தொங்கியது, பணம் வரவில்லை. இப்போது எங்கள் கடிதத்திலேயே ஒரு திகதி இருக்கிறது: அந்தத் திகதிக்குள் பணம் வைப்பிலிடப்பட்டால் மட்டுமே சின்னம் அச்சாகும்.

கிளையின் முகாமையாளர் சிறு தொகையைத் தாமே தீர்மானிப்பார், பெரிய தொகை கொழும்புத் தலைமையகத்துக்குப் போகும். ஆகவே ஆறு மாதங்களுக்கு முன்பே, தமிழ்க் கடிதத்தோடு ஆங்கிலப் பிரதியும் வரவுசெலவும் சேர்த்துக் கொடுங்கள். பல்கலைக்கழகமோ பெரிய நிறுவனமோ 'இணை அனுசரணை' என்றால், அது பணமா பெயர் மட்டுமா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சர்வதேசத் துறைசார் அமைப்புகளிலும் இந்த இரண்டும் வேறு வேறு. பெயரை மட்டும் தரும் அனுசரணைக்கு உங்களிடமே கட்டணம் கேட்கும் அமைப்புகளும் உண்டு.

என் மனதை மிகவும் வருத்திய விடயத்தை இங்கே சொல்ல வேண்டும். பயிருக்கு அடிக்கும் கிருமிநாசினி விற்கும் ஒரு நிறுவனம் எங்கள் வரவுசெலவுக் குறையில் பாதியை மூடும் தொகையைத் தருவதாகச் சொல்லி, தன் உற்பத்தியைப் பற்றி அரை மணி நேர உரை கேட்டது. வந்திருப்பவர்களில் பலர் விவசாயப் போதனாசிரியர்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுத்தான் வயலில் மருந்து விழுகிறது. செயற்குழு இரண்டாகப் பிரிந்தது. கடைசியில் மறுத்தோம், அந்தப் பணமில்லாத குறையைப் பல மாதங்கள் சுமந்தோம், இன்றும் அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். இப்போது எங்களிடம் எழுதிய விதி உண்டு: அனுசரணையாளர் விற்பனைக் கூடம் வைக்கலாம், மாநாட்டு மலரில் விளம்பரம் போடலாம், உரை நிகழ்த்தவோ கட்டுரைத் தெரிவில் பங்கெடுக்கவோ முடியாது. மருந்துக் கம்பனிகளோடு பழகும் மருத்துவ, தாதியர் சங்கங்களுக்கும் இதே கேள்வி வரும். பணம் கேட்கப் போவதற்கு முன்பே விதியை எழுதுங்கள், பணத்தைக் கண்ட பிறகு எழுதுவது கடினம்.

பணமாக வராத உதவியையும் மதியுங்கள். கமக்காரர் அமைப்பொன்று அரிசியும் மரக்கறியும் தந்தது, ஓர் அச்சகம் பதாகையை இலவசமாகத் தந்தது. இவற்றைச் சந்தை விலையில் மதிப்பிட்டு வரவிலும் செலவிலும் காட்டினால்தான் அடுத்த வருடத்துக்கான உண்மைச் செலவு தெரியும்.

புலம்பெயர்ந்த உறவுகள் உதவ முன்வருவார்கள். அந்தப் பணத்தை ஒருபோதும் தனியாள் கணக்கில் வாங்காதீர்கள், எவ்வளவு அவசரமானாலும். சங்கக் கணக்குக்கு, நோக்கம் எழுதிய கடிதத்தோடு வரட்டும். உங்கள் பதிவு வெளிநாட்டு நிதியைப் பெற இடமளிக்கிறதா என்று பிரதேச செயலகத்திலும் வங்கியிலும் முன்னரே கேளுங்கள். அவர்கள் இணையவழியில் கலந்துகொள்ள விரும்பினால் அந்த அமர்வை மாலை 5.30க்கு வையுங்கள். ஜூன், ஜூலையில் அப்போது ரொறன்ரோவில் காலை 8 மணி, லண்டனில் பிற்பகல் 1 மணி. காலை அமர்வில் அவர்களை எதிர்பார்த்தால் கனடாவில் நள்ளிரவு.

6. அரச உத்தியோகத்தரின் அனுமதி

எங்கள் மாநாட்டில் அமர்வோரில் பெரும்பாலானோர் அரச ஊழியர். சனிக்கிழமை என்றாலும் கட்டுரை வாசிக்கவும், கடமை லீவு பெறவும், திணைக்களத் தரவைப் பயன்படுத்தவும் திணைக்களத் தலைவரின் அனுமதி வேண்டும். மாகாண விவசாயத் திணைக்களத்தில் இருப்பவருக்கும் மத்திய அரசின் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தில் இருப்பவருக்கும் அனுமதி தருபவர் வேறு. ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பினால் பாதி தவறான மேசையில் கிடக்கும். மூன்று மாதங்களுக்கு முன்பே தனித்தனியாக அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைப் பிரதியில் வாங்குங்கள். சங்கத்துக்காக நிதி திரட்டும் உத்தியோகத்தர், அரச ஊழியருக்கான விதிகளைச் சொல்லும் தாபன விதிக்கோவையை மனதில் வைத்து, பதவிப் பெயரைப் போட்டு எந்தக் கடிதத்திலும் கையொப்பமிடாமல் சங்கப் பதவியில் மட்டும் ஒப்பமிட வேண்டும்.

7. கட்டுரைகளும் மலரும்

ஆய்வுச் சுருக்கங்களை ஏழு மாதம் முன்பு கோரி, மூன்று மாதம் முன்பு முடிவைச் சொல்லிவிடுங்கள். முடிவு தெரிந்தால்தான் ஒருவர் லீவுக்கும் பயணத்துக்கும் விண்ணப்பிக்க முடியும். மலருக்குச் சர்வதேசத் தர நூல் எண் வேண்டுமானால் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு அச்சுக்குப் போகும் முன் விண்ணப்பியுங்கள். எல்லோருக்கும் அச்சிடாமல் நூலகங்களுக்கும் கட்டுரையாளர்களுக்கும் மட்டும் அச்சிட்டு, மற்றவர்களுக்குக் கைப்பேசியில் அனுப்பினோம். முதல் மாநாட்டில் மாறாத செலவில் மிகப் பெரியதாக இருந்த அச்சுச் செலவு பாதிக்கும் கீழே வந்தது. வெளிநாட்டு வளவாளர் வருவதானால் சுற்றுலா அனுமதியில் வரச் சொல்லாதீர்கள்; இணையவழிப் பயண அனுமதியில் மாநாடுகளுக்குரிய வணிகப் பிரிவு உண்டு, உங்கள் அழைப்புக் கடிதத்தையும் அவருக்கு அனுப்பி வையுங்கள்.

8. மாநாட்டு நாள்

பதிவு மேசையில் தொடர் இலக்கமிட்ட பற்றுச்சீட்டுப் புத்தகம் இரண்டும், பணம் வாங்குபவரும் எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாகவும் இருக்க வேண்டும். அன்றைய பணத்திலிருந்து நேரடியாகச் செலவு செய்யாதீர்கள். சிறு செலவுக்கு ஒரு தொகையை முதல்நாளே வங்கியிலிருந்து எடுத்து, ஒவ்வொரு செலவுக்கும் சிட்டை வாங்குங்கள். வருகை ஏட்டில் கையொப்பம் கட்டாயம், அனுசரணையாளர் பின்னர் கேட்பது அதையே. தொடக்க விழாவை நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் அடக்குங்கள். மங்கல விளக்கும் வரவேற்பும் வேண்டும். ஆனால் பிரதம விருந்தினருக்காக ஒரு மணி நேரம் காத்திருந்து, பொன்னாடைகளும் நினைவுச் சின்னங்களும் கொடுத்து முடிக்கையில், மன்னாரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்த மாணவிக்குத் தன் ஆய்வைச் சொல்லப் பத்து நிமிடம் கிடைக்க வேண்டிய இடத்தில் நான்கு நிமிடம் கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

9. கணக்கை அறுபது நாளில் மூடுங்கள்

மாநாடு முடிந்த வாரத்திலேயே கொடுக்க வேண்டியவை, வர வேண்டியவை என்று இரண்டு பட்டியல் எழுதுங்கள். அனுசரணையாளருக்கு நன்றிக் கடிதம், படங்கள், வருகை எண்ணிக்கை ஆகியவற்றை இரண்டு வாரத்துக்குள் அனுப்பினால் அடுத்த முறை கதவு திறந்திருக்கும். சிட்டைகளைத் திகதி ஒழுங்கில் ஒட்டி, செயற்குழுவில் இல்லாத ஒருவரைக்கொண்டு கணக்காய்வு செய்வித்து, அறுபதாம் நாளுக்குள் உறுப்பினர் எல்லோருக்கும் ஒரு பக்க வரவுசெலவை அனுப்புங்கள். எங்கள் இரண்டாவது மாநாட்டில் சிறு தொகை மிஞ்சியது. அதை அடுத்த மாநாட்டின் தொடக்க நிதி என்று தீர்மானம் எழுதி நிலையான வைப்பில் போட்டிருக்கிறோம். அதன் சான்றிதழ் பிரதியும், விலைக்கூறல்களும், எல்லா ஒப்பந்தங்களும் அடங்கிய கோவை இப்போது புதிய செயலாளரிடம் இருக்கிறது.